அறுகம்பையை ஊரவர் போல

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிவிட்டால் அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில், கோமாரி ஊடாகப் பொத்துவில் செல்லும் வீதியில் சுற்றுலா பஸ்கள் வரிசையாகத் தெற்கே போகும். முன்கண்ணாடியில் பாடசாலையின் பெயரோ சங்கத்தின் பெயரோ எழுதிய பதாகை தொங்கும். பின்னால் சோற்றுச் சட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். பதினொரு மணியளவில் பஸ் அறுகம்பைப் பாலத்தைக் கடக்கும். உச்சி வெயிலில் கால் சுடச்சுடப் பிள்ளைகள் மணலில் ஓடுவார்கள். ஆண்பிள்ளைகள் நேரே கடலில் குதிப்பார்கள். பெண்பிள்ளைகளும் தாய்மாரும் ஒரு தென்னை நிழலைத் தேடிப் பாய் விரித்துச் சாப்பாட்டுப் பார்சல்களைப் பிரிப்பார்கள். மூன்று மணிக்குப் பஸ் திரும்பிவிடும்.

பொத்துவிலில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் காட்சி சிறுவயதிலிருந்தே பழக்கமானது. அதைக் காணும்போதெல்லாம் உம்மம்மா சொல்வார்: "பாவம், கடல் தூங்குற நேரத்தில வந்து பாத்துட்டுப் போகுதுகள்." கடல் தூங்குவதில்லை என்பது அவருக்கும் தெரியும். பதினொரு மணி தொடக்கம் மூன்று மணி வரை ஊரவர் எவரும் தேவையின்றிக் கடற்கரைப் பக்கம் போவதில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். வருபவர்களோ ஒரு நாளின் மிக மோசமான நான்கு மணித்தியாலங்களைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அலைச்சறுக்குக்காரர்கள் தேடி வரும் இந்தக் கரையை ஊரவர் எந்த நேரத்தில், எந்த மூலையில், எப்படி அனுபவிக்கிறார்கள் என்பதை விளக்கவே இக்கட்டுரை. இதற்குள் பெற்றோரிடம் கேட்க வேண்டிய ஒரு விடயமும் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக வரும் ஏ4 நெடுஞ்சாலை பொத்துவிலுக்கு வந்துதான் கிழக்குக் கரையை அடைகிறது. அங்கிருந்து வடக்கே திரும்பிக் கல்முனை, மட்டக்களப்பு நோக்கிச் செல்கிறது. பொத்துவில் நகரிலிருந்து தெற்கே சுமார் 3 கிலோமீற்றர் போனால் களப்பும் அதன் மேல் பாலமும் வரும். பாலத்துக்கு அப்பால் இருமருங்கும் விடுதிகளும் கடைகளும் நெருங்கி நிற்கும் பகுதியைத்தான் வெளியூரார் அறுகம்பை என்கிறார்கள். ஊரவர் வாயில் அது உல்லை. 'பை' என்பது குடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அறுகம் குடா என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். குடாவின் தென்கோடியில் பாறை முனையொன்று கடலுக்குள் நீண்டிருக்கிறது. இவ்வூரின் புகழுக்கெல்லாம் காரணம் அந்த முனையும், அதில் வந்து உடையும் அலையும்தான்.

அலையைப் பற்றிப் பேசுமுன் காற்றைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் பக்கத்து மீனவர்கள் காற்றுக்கு நான்கு பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். பாடப்புத்தகத்தில் தென்மேற்குப் பருவக்காற்று என்று படிக்கிறோமே, அது மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கிழக்கே இறங்கும்போது சூடேறி, எங்களிடம் கச்சானாக வந்து சேர்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை கொழும்பிலும் காலியிலும் குடை பிடிக்கும் நாட்களில் பொத்துவிலில் வானம் பளிச்சென்று இருப்பது இதனால்தான். உதடு வெடிப்பதும் கிணற்று நீர் இறங்குவதும் இதே காற்றால்தான். (நாம் கொறிக்கும் கச்சானுக்கும் இதே பெயர். உல்லைக்குத் தெற்கே, பாணமை வீதிப் பக்கத்திலுள்ள ஒரு கடற்கரைக்கு வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் 'கச்சான் தோட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே போய் நின்றால் காற்றுக் கச்சானும் தாராளமாகக் கிடைக்கும்.)

இதே மாதங்களில் பூமியின் தென்பாதியில் குளிர்காலம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அந்தாட்டிக்காவுக்கு இப்பால், பெரும் புயல்கள் அடுத்தடுத்து வீசும். அவை கிளப்பும் அலைகள் நடுவில் மறிக்கத் தரை ஏதுமின்றி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வடக்கே பயணிக்கின்றன. வரும் வழியிலேயே அவற்றின் குழப்பம் அடங்கி, இடைவெளி விட்டு வரும் நீண்ட ஒழுங்கான வரிசைகளாகிவிடுகின்றன. அவை உல்லை முனையைத் தொட்டதும் வளைந்து குடாவுக்குள் திரும்பி, ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி, புத்தகத்தின் தாளைப் புரட்டுவது போல ஒழுங்காக உடைகின்றன. காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் அந்த அலையின் முகத்தைத் தடவி வழவழப்பாக்குகிறது. வெயில் ஏறித் தரை சுடத் தொடங்கியதும் கடற்காற்று எழும். அலை குழம்பி நுரையாகிவிடும். அலைச்சறுக்குக்காரர்கள் விடியுமுன் பலகையைத் தூக்கிக்கொண்டு நடப்பதும், பதினொரு மணிக்கு விடுதியில் போய்ப் படுப்பதும் இதனால்தான். ஆக, கடலை அறிந்த இரு சாராரும், அதாவது ஊரவரும் அவர்களும், ஒரே நேர அட்டவணையில்தான் வாழ்கிறார்கள். சுற்றுலா பஸ் மட்டும்தான் நண்பகலில் வருகிறது.

ஊரவரின் கடற்கரை நாள் சுபஹ் தொழுகையுடன் தொடங்குகிறது. பள்ளியிலிருந்து இறங்கும் ஆண்களில் சிலர் வீட்டுக்குப் போகாமல் நேரே கரைக்குப் போவார்கள். ஆறு மணிக்குச் சற்று முன்பின்னாகச் சூரியன் கடலிலிருந்து எழும். கரைவலைத் தோணி அதற்கு முன்பே புறப்பட்டிருக்கும். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டு, அரைவட்டமாக வலையை வளைத்துக் கொண்டுபோய், மறுகயிற்றைச் சற்றுத் தள்ளிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு இரண்டு வரிசையாக நின்று இழுப்பு. கயிறு வர வர இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கும். கடைசியாக மடி கரையேறும். அதற்குள் சூடையோ கீரியோ வெள்ளியாகத் துள்ளும். வெறும் பாசியும் ஜெலி மீனும் வரும் நாட்களும் உண்டு. அந்த நாட்களில் சம்மாட்டியின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது. வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் கயிற்றில் கை வைக்கலாம். இழுத்தவர் கையில் கொஞ்சம் மீன் விழும். வெளிநாட்டுக்காரர் கூடப் பலகையை மணலில் குத்திவிட்டு வந்து இழுப்பதைக் கண்டிருக்கிறேன். எங்கள் சுற்றுலா மாணவிகள் ஒருவரும் இதைக் கண்டதில்லை. அந்த நேரம் அவர்கள் ஊரில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள்.

ஊர்ப் பெண்கள் கடலுக்கு வருவதும் இந்த நேரத்தில்தான். மீன் வாங்க வருகிறோம் என்று பாத்திரத்துடன் வருவார்கள். வாங்கியும் போவார்கள். அதற்கிடையில் அரை மணித்தியாலம் காலை நனைத்து நடப்பதும், முழங்கால் வலிக்குச் சுடுமணலைவிட ஈரமணல் நல்லது என்று மூத்தவர்கள் அலையோரம் உட்காருவதும், தெரிந்தவர்கள் மட்டும் நிற்கும் ஒதுக்கில் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதும் நடக்கும். எட்டு மணிக்குள் எல்லோரும் வீட்டில். இது யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. ஒரே கரையை எல்லோரும் பாவிக்க வேண்டுமென்றால் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வதுதான் வழி என்பது ஊரவர் தாமாகக் கண்டுகொண்ட ஏற்பாடு.

இரண்டாவது நேரம் அஸருக்குப் பின். அறுகம்பை கிழக்கே பார்த்த கரை. சூரியன் கடலில் இறங்கும் படத்தை எடுக்க நினைத்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அதில் ஒரு பெரிய இலாபம் இருக்கிறது. சூரியன் தரைப் பக்கம் சாய்வதால் மாலையில் மரங்களின் நிழல் மணல் மீது நீண்டுவிடும். மணல் ஆறிவிடும். கண்கூசாமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். சூரியன் மறையும் காட்சிக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்திருப்பது சந்திரன் எழும் காட்சி. முழுநிலா நாளில் சூரியன் மறையும் நேரத்துக்குக் கிட்டத்தான் சந்திரன் உதிக்கும். ஆகவே பதினான்காம் பிறையன்று மஃரிப் பாங்கு கேட்கும் வேளையை ஒட்டி, சிவந்த பெரிய வட்டமாக நிலவு கடலிலிருந்து எழும்பும். பிறை பதின்மூன்று, பதினான்கு, பதினைந்தில் சுன்னத்தான நோன்பு நோற்கும் சில குடும்பங்கள் பேரீச்சம்பழமும் கஞ்சியும் கொண்டுவந்து கரையிலேயே நோன்பு திறப்பதுண்டு. நாட்காட்டியைப் பார்த்துப் பயணத்தைத் தீர்மானிப்பதாக இருந்தால், நான் ஹோட்டல் விலைப்பட்டியலைப் பார்க்குமுன் பிறையைத்தான் பார்ப்பேன்.

இனி, எங்கே இறங்குவது? அலைச்சறுக்கு நடக்கும் முனைப்பக்கம் குளிக்கும் இடமல்ல. அடியில் பாறை, மேலே பலகைகள். முனைக்கு இப்பால் குடா உள்வாங்கும் வளைவில் மீன்பிடி வள்ளங்கள் இழுத்துவிடப்பட்டிருக்கும். முனை அலையின் வேகத்தைத் தடுத்துவிடுவதால் அப்பகுதியில் தண்ணீர் ஓரளவு அமைதியாக இருக்கும். அலைச்சறுக்கைப் புதிதாகப் பழகுவோரும் அந்தப் பக்கத்தில்தான் பழகுகிறார்கள். அங்கிருந்து வடக்கே போகப் போகக் கரை திறந்துவிடும். அலை நேராக வந்து அடிக்கும். இரண்டு அடி வைத்தால் இடுப்பு, மூன்றாவது அடியில் நிலமில்லை என்ற மாதிரிக் கரை சரிந்திருக்கும் இடங்களும் உண்டு. களப்பின் முகத்துவாரத்தில் ஊரவர் பிள்ளைகளை இறங்கவே விடமாட்டார்கள். அங்கே இருபக்க நீரும் இழுத்துக்கொள்ளும்.

இழுப்பு என்று நாங்கள் சொல்வதைச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வோர் அலையும் கரைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து குவிக்கிறது. அந்தத் தண்ணீர் திரும்பிப் போகத்தானே வேண்டும்? அது பரவலாகத் திரும்பாமல், மணல் திட்டுகளுக்கிடையில் பள்ளமான ஓர் ஒடுங்கிய பாதையைக் கண்டுபிடித்து அதனூடாக வேகமாகக் கடலுக்கு ஓடும். கரையில் நின்று பார்த்தால் அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது, தண்ணீர் சற்றுக் கறுத்துத் தெரியும். ஊருக்குப் புதியவர்கள் "இங்கேதான் அலையில்லை, பிள்ளைகளை இறக்குவோம்" என்று தெரிவு செய்வது பெரும்பாலும் அதே இடத்தைத்தான். இதைவிட ஆபத்தான தவறு கடற்கரையில் இல்லை. இழுப்பில் அகப்பட்டவர் நேரே கரையை நோக்கி நீந்தினால் களைத்துப் போவார். நல்ல நீச்சல்காரரும் அந்த வேகத்தை வெல்ல முடியாது. பதறாமல் மிதக்க வேண்டும், கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். இழுப்பு ஒடுங்கியது என்பதால் சற்றுத் தூரத்தில் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம். பிறகு அலையே கரைக்குத் தள்ளிவிடும். நீந்தத் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் போகக் கூடாது. கரையில் ஒரு மீனவரைக் கண்டால், "இண்டைக்குக் கடல் எப்படி?" என்று கேட்ட பிறகு இறங்குங்கள். அவர் ஒரு சொல்லில் பதில் சொல்வார். அந்தச் சொல்லை மீறாதீர்கள்.

பதறாமல் மிதக்க வேண்டும் என்று எழுதினேன். மிதக்கத் தெரிந்தவருக்குத்தானே அது சாத்தியம்? பெற்றோரிடம் கேட்க நினைத்த விடயம் இதுதான்.

2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் எங்கள் அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கும் மேல் போய்விட்டார்கள். உல்லையில் கரையோர வீடுகளும் விடுதிகளும் அழிந்தன. பாலம் சிதைந்து போக்குவரத்து அறுந்தது. இன்று நாம் கடக்கும் புதிய பாலம் அமெரிக்க உதவியுடன் கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது. அந்தப் பேரழிவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்த இடங்கள் பல. ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை அதற்கான காரணங்களை ஆராய்ந்தது. குழந்தைகளையும் முதியவர்களையும் காப்பாற்றப் பெண்கள் பின்தங்கியது ஒன்று. இலங்கையில் நீந்தவும் மரமேறவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்படுத்துவது இன்னொன்று. முதலாவதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். இரண்டாவதை மாற்றலாம். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கும்படி உமர் (ரழி) அவர்கள் வலியுறுத்தியதாக நம் மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? 'பிள்ளைகள்' என்ற சொல்லில் மகள்மாரும் அடக்கம்தானே.

கடலுக்கு ஐந்நூறு மீற்றர் தூரத்தில் பிறந்து, ஒவ்வோர் இரவும் அலைச் சத்தத்தில் தூங்கி, இடுப்பளவு தண்ணீரில் ஒருநாளும் நிற்காமலே வயதாகிப் போன பெண்கள் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு போகும் வெளிநாட்டுப் பெண்ணைப் பார்த்து, "எப்படி இதுகளுக்குப் பயமில்லாமப் போச்சு?" என்று என் மாமி ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்வியில் குறை சொல்லும் தொனி சிறிதும் இருக்கவில்லை. 2018இல் அறுகம்பையில் நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது. இப்பகுதிப் பெண்கள் வீட்டாரின் தயக்கத்தையும் ஊரின் பேச்சையும் கடந்துதான் அதில் சேர்ந்தார்கள். எல்லோரும் பலகை ஏற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மல்லாந்து மிதக்கவும், பத்து மீற்றர் நீந்தவும், இழுப்பைக் கண்டு அடையாளம் சொல்லவும் தெரிந்தால் போதும்.

"உடுப்பு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதில் நாம் பெரும்பாலும் செய்யும் தவறு வேறு பக்கத்தில் இருக்கிறது. அகன்ற ஹபாயாவுடன் அலைக்குள் நிற்பது ஆபத்து. நனைந்த துணி பாரமாகி இழுக்கும், காலில் சுற்றும். நீண்ட சோல் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். தண்ணீருக்கென்று தனியாக உடுப்பு வேண்டும்: பாரமில்லாத, விரைவில் தண்ணீர் வடியும் துணியில் நீளக் காற்சட்டை, முழங்கால் வரை வரும் முழுக்கை மேற்சட்டை, நுனிகள் தொங்காத தலையுறை. அவுஸ்திரேலியாவில் வாழும் லெபனான் வம்சாவளிப் பெண்ணான அஹேதா சனெட்டி 2004இல் 'புர்கினி' என்ற பெயரில் முழு உடலையும் மறைக்கும் நீச்சலுடையை வடிவமைத்தார். அதே மாதிரியை நம் ஊர்த் தையற்காரிகள் பார்த்துத் தைத்துவிடுவார்கள். துணியைத் தெரிவு செய்வதில்தான் கவனம் வேண்டும்; பருத்தி வேண்டாம், அது தண்ணீரைக் குடிக்கும்.

பெற்றோரின் இன்னொரு தயக்கம் உல்லைத் தெருவைப் பற்றியது. சீசனில் அந்தத் தெரு எப்படியிருக்கும் என்பதை மறைக்கத் தேவையில்லை. அரைகுறை உடையுடன் நடமாட்டம், இரவில் இசை, சில இடங்களில் மது. ஊரவருக்கும் இது சங்கடம்தான். விடுதியில் வேலை செய்யும் மகன் கொண்டுவரும் சம்பளமும் அந்தச் சங்கடமும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. இதை ஊரவர் சண்டையாலும் சமாளிப்பதில்லை, கண்ணை மூடிக்கொள்வதாலும் சமாளிப்பதில்லை. மாலை மயங்கிய பிறகு தெருவை விருந்தினருக்கு விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். விடியற்காலையில் விருந்தினர் பாதிப்பேர் தூங்கும்போது கரையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் பூட்டப்படும். பழகிய வெளிநாட்டுக்காரர் அதைத் தெரிந்து முன்கூட்டியே தண்ணீர்ப் போத்தல் வாங்கி வைத்துக்கொள்வார்.

கரை யாருடையது என்ற கேள்வி இங்கே புதிதல்ல. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. அதே வேளை அறுகம்பையைப் பெரிய உல்லாச நகராக்கும் திட்டமொன்றும் வரையப்பட்டது. வீட்டை இழந்த மீனவர் பின்னால் போக வேண்டும், ஹோட்டல் முன்னால் வரலாம் என்றால் எவருக்குத்தான் பொறுக்கும்? மக்கள் எதிர்த்தார்கள். கட்டுப்பாடு பின்னர் தளர்த்தப்பட்டது. கனடிய எழுத்தாளர் நவோமி கிளைன் 2007இல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற நூலில் இந்த விவகாரத்தை விரிவாக எழுதியிருக்கிறார். வள்ளம் இழுத்துவிடும் அந்த வளைவு இன்றும் வள்ளங்களுக்கே இருக்கிறது என்றால், அது சும்மா கிடைத்ததல்ல. அங்கே பாய் விரிப்பவர்கள் வலை காயும் இடத்தை மிதிக்காமலும், சோற்றுப் பொதியின் பொலித்தீனை மணலில் புதைக்காமலும் வந்தால் ஊரவர் சந்தோசப்படுவார்கள்.

மாணவிகளுக்கு ஆண்டில் மூன்று விடுமுறை. மூன்றிலும் கடல் வேறு வேறு. ஓகஸ்ட்டில் அலையும் கூட்டமும் உச்சம். பார்க்க அழகு, குளிக்கக் கவனம் வேண்டும், அறை வாடகையும் கூட. டிசெம்பரில் வாடை வீசும். வடகீழ்ப் பருவ மழை, கலங்கிய கடல், கரையை அரிக்கும் அலை. அப்போது கடலில் இறங்கவே கூடாது. ஆனால் உல்லாசப் பயணிகள் போய், பலகைக் கடைகள் பூட்டி, பொத்துவில் மீண்டும் வயற்கார ஊராகியிருக்கும். பெரும்போகப் பயிர் பச்சையாக நிற்கும்; களப்பு நிரம்பி வலசைப் பறவைகள் வந்திருக்கும். லகுகலைக் குளமும் நிறைந்திருக்கும். யானைகள் அங்கே கூட்டமாக இறங்குவது கோடையில்தான். அந்த அமைதியான அறுகம்பையை வெளியூரார் அறியமாட்டார்கள்.

எனக்குக் கேட்டால் ஏப்ரல்தான். வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் பிடிக்காத இடைக்காலம். கடல் பல நாட்களில் குளம் போலக் கிடக்கும். கரைவலைக்கும் நல்ல காலம். சீசன் கூட்டம் இன்னும் வந்திருக்காது. சுபஹ் தொழுதவுடன் அக்கரைப்பற்றில் வாகனம் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கரைவலை இழுக்கும் இடத்தில் நிற்கலாம். வெயில் ஏறியதும் பொத்துவில் நகருக்குத் திரும்பி, எருமைத் தயிருடனோ மீன் ஆணத்துடனோ பிட்டு சாப்பிடலாம். உல்லைத் தெருவின் விலையில் பாதிகூட வராது. லுஹருக்குப் பிறகு உறவினர் வீட்டிலோ பள்ளி நிழலிலோ ஓய்வு, அஸருக்குப் பின் மறுபடி கரை, மஃரிபுக்கு முன் பயணம். பாணமை வீதிக்கு மாலையில் போகாதீர்கள். அது யானைகள் வீதியைக் கடக்கும் நேரம்.

சென்ற ஏப்ரலில் ராத்தாவின் மகளைத் தொடர்ந்து நான்கு நாட்கள் விடியற்காலையில் வள்ளப் பக்கம் கூட்டிப் போனேன். பதின்மூன்று வயது. முதல் நாள் தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் என் கையைப் பிறாண்டினாள். மச்சான் கரையில் வலைக்காரர்களுடன் பேசிக்கொண்டிருப்பது போலப் பாவனை செய்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் என் கை அவள் முதுகின் கீழ் இருந்தும் இல்லாமலும் அவள் மிதந்தாள். "சாச்சி, காது தண்ணிக்குள்ள போனா வேற மாதிரிச் சத்தம் கேக்குது" என்றாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மச்சான் ஒன்றும் பேசவில்லை. பாலத்தைக் கடக்கும்போது மட்டும், "சின்னவளுக்கும் அடுத்த முறை ஒரு உடுப்புத் தைச்சி வைங்க" என்றார்.